பன்றியின் சிறுநீர்ப்பையில் ஊதா நூல்: பாலிடையாக்சனோன் 4-0 எப்படி?

ஆய்வுக்கூடத்துக்குத் தையல் நூல் வாங்குவது பெரும்பாலும் கொள்முதல் பிரிவின் வேலை. எந்த விலைப்புள்ளி குறைவோ அந்த நூல் வந்து சேரும். அறுவை செய்கிறவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் அப்புறம்தான். அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான் கால்நடை அறுவை சிகிச்சை படித்தவள். பன்றியிலும் எலியிலும் சிறுநீர்ப்பை அறுவை செய்து பார்க்கும் ஒரு ஆய்வுக்குழுவில் வேலை. இரைப்பையிலிருந்து ஒரு துண்டை அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, சிறுநீர்ப்பையைப் பிளந்து, அங்கே ஒட்டுப்போட்டுப் பெரிதாக்குவோம். இதற்கு காஸ்ட்ரோசிஸ்டோபிளாஸ்டி என்று பெயர். இந்த ஒட்டைத் தைக்க வெவ்வேறு நூல்களைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் நிலைத்து நிற்பது பாலிடையாக்சனோன் 4-0 (இது தடிமன் எண், முன் எண் கூடக் கூட நூல் மெலியும்), ரவுண்ட் பாடி ஊசியோடு, அதாவது வெட்டும் விளிம்பில்லாத உருண்டை ஊசியோடு. எதிக்கான் நிறுவனம் பிடிஎஸ் என்ற பெயரில் 1980களில் விற்கத் தொடங்கிய பொருள் இது. இப்போது இந்தியக் கம்பெனிகளும் செய்கின்றன. நான் எந்தக் கம்பெனியின் பாயிலை, அதாவது நூல் வரும் உறையை, பிரிக்கிறேன் என்று சொல்லப்போவதில்லை, பொருளைப் பற்றித்தான் பேச்சு.

நூலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடம் தெரியாமல் நூலை எடைபோட முடியாது.

சிறுநீர்ப்பை சுருங்கி, இறுகி, அழுத்தம் ஏறி, சிறுநீரகத்தையே கெடுக்கும் நிலையில் சில குழந்தைகள் இருப்பார்கள். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவர்களில் இதை நிறையப் பார்க்கலாம். அவர்களுக்குப் பையைப் பெரிதாக்க வழக்கமாகக் குடலைத்தான் ஒட்டுவார்கள். குடலுக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே வருவதை உறிஞ்சும். சிறுநீரில் போக வேண்டிய அமோனியமும் குளோரைடும் திரும்ப ரத்தத்துக்குள் போய், உடம்பில் அமிலம் சேரும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. போதாததற்குக் குடல் சளியையும் சுரந்துகொண்டே இருக்கும்.

இரைப்பைக்குக் குணம் நேரெதிர். அது அமிலத்தையும் குளோரைடையும் வெளியே தள்ளுகிறது. அப்படியானால் இரைப்பையை ஒட்டினால் என்ன? இந்தக் கேள்வியை முதலில் சுமந்தவை நாய்கள்தான். 1956-இல் சினாய்கோ இரைப்பைத் துண்டிலிருந்து செயற்கைச் சிறுநீர்ப்பை செய்து பார்த்தார். 1972-இல் ஹாங்காங்கில் லியோங்கும் ஓங்கும் நாய்களில் இந்த ஒட்டைச் செய்து வெளியிட்டார்கள். அப்புறம் அமெரிக்காவின் இண்டியானாவில் மிட்செல், ஆடம்ஸ் ஆகியோர் இருந்த குழு, 1987-லும் 1988-லும் நாய்களில் இரைப்பை ஒட்டையும் பெருங்குடல் ஒட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. சிறுநீரகம் பழுதான நாய்களுக்கு இரைப்பை ஒட்டுதான் தோதாக இருந்தது. அதே 1988-இல் குழந்தைகளிடம் செய்த அனுபவத்தையும் அவர்கள் வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு இனிப்பில்லை. ஒட்டிலிருந்து சுரக்கும் அமிலத்தால் எரிச்சல், சிறுநீரில் ரத்தம், குளோரைடு அதிகமாக வெளியேறி ரத்தம் காரமாவது, பல வருடம் கழித்துச் சிலருக்கு ஒட்டிலேயே புற்றுநோய் என்று ஒவ்வொன்றாக வந்ததில், இன்று மனிதர்களுக்கு இதை அபூர்வமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இன்னும் இதற்கு வேலை இருக்கிறது. அமிலம் சுரக்கும் உட்படலத்தை உரித்துவிட்டுத் தசையை மட்டும் ஒட்டினால் என்ன ஆகும் என்று 1993-இல் டீவானும் பையார்டும் செம்மறியாட்டில் பார்த்தார்கள். எங்கள் வேலையும் இப்படி ஆய்வுக்கூடத்தில் தொடர்வதுதான், ஆனால் நாங்கள் உட்படலத்தோடு சேர்த்தே ஒட்டுகிறோம்.

சரி, நூல்.

இந்த ஒட்டின் தையல் கோடு ஓர் எல்லைக்கோடு. ஒரு பக்கம் சிறுநீர், மறுபக்கம் இரைப்பைச் சுரப்பு. இரண்டும் கலந்து அதே கோட்டின் மேல்தான் நாள் முழுக்க நிற்கும். நூல் எவ்வளவு பலம் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது அது எந்த நாளில் சாகும் என்று. சிறுநீர்ப்பை ஆறுவதில் ரொம்ப வேகமான உறுப்பு. இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் தன் பழைய பலத்தை ஏறக்குறைய முழுவதும் மீட்டுக்கொள்ளும். அதுவரை நூல் தாங்க வேண்டும். அதற்குப் பிறகு அது அங்கே இருப்பது வெறும் அந்நியப்பொருள். சிறுநீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் உப்பு படிந்து கல் வளரும். பட்டு நூல், நைலான் எல்லாம் இங்கே வேண்டவே வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். ஸ்டேப்ளர் ஊசிகளும் அப்படியே. இரைப்பையிலிருந்து துண்டை வெட்டி எடுக்க ஸ்டேப்ளர் வசதியானதுதான். ஆனால் துண்டோடு ஒட்டிக்கொண்டு வரும் அந்த உலோக வரிசையை நறுக்கி எறிந்துவிட்டுத்தான் சிறுநீர்ப்பைப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

இனி கரையும் நூல்கள். கேட்கட் இங்கே இன்னும் விற்கிறது, விலையும் மலிவு. ஆட்டுக்குடலின் அடிப்படலத்திலிருந்தோ மாட்டுக்குடலின் வெளிப்படலத்திலிருந்தோ எடுப்பது. அது புரதம். உடம்பு அதை நொதிகளால் செரித்துத்தான் அகற்றுகிறது. அதைக் கொண்டுபோய், புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் அமிலமும் சேர்ந்து சுரக்கும் இரைப்பைத் துண்டில் தைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். குரோமிய உப்பில் பதப்படுத்திய குரோமிக் கேட்கட் என்றாலும் இதே கதிதான், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். விலைப்புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் வருவதும் இதுதான் என்பது என் நிரந்தரக் குறை.

பாலிகிளாக்டின், அதாவது வைக்ரில் வகை, பின்னல் இழை. கையில் அருமையாக நிற்கும். முடிச்சு ஒரு தடவையில் உட்காரும், விட்டால் விட்ட இடத்தில் கிடக்கும். உற்பத்தியாளர் கணக்குப்படி இரண்டு வாரத்தில் முக்கால்வாசி பலம், மூன்று வாரத்தில் பாதி, நான்கு வாரத்தில் கால்வாசி மிஞ்சும். 56 முதல் 70 நாளில் முழுக்கக் கரைந்துவிடும். கணக்கைப் பார்த்தால் சிறுநீர்ப்பைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மனிதர்களில் செய்பவர்கள் பலரும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். எனக்கு இதில் பிடிக்காதது பின்னல். இழைகளுக்கு நடுவே ஈரமும் கிருமியும் குடியேறும். மெல்லிய சிறுநீர்ப்பைச் சுவரில் இழுக்கும்போது ஒரு சின்ன உரசல் கேட்கும், விரலிலும் தெரியும். கரகரவென்று திசுவை அறுத்துக்கொண்டு போகிறது. மேற்பூச்சு இருந்தும் அப்படித்தான்.

பாலிடையாக்சனோன் ஒற்றை இழை. 4-0 என்றால் விட்டம் 0.15 மில்லிமீட்டரிலிருந்து 0.2-க்குள். திசுவுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இழுத்த தடமே தெரியாது. இந்தத் தடிமனில் இரண்டு வாரத்தில் சுமார் 60 சதவீதம், நான்கு வாரத்தில் சுமார் 40 சதவீதம் பலம் நிற்கும் என்று உற்பத்தியாளர் கொடுக்கும் கணக்கு சொல்கிறது. முழுக்கக் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இந்த ஆறு மாதம்தான் பலரும் இதன் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. இரண்டு மூன்று வார வேலைக்கு ஆறு மாதம் எதற்கு? நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் தையல் முறையில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கவனிக்கப்படாமல் போகிற விஷயம் அது. செயற்கையான கரையும் நூல்களெல்லாம் நீரால் உடைபவை. கார நீரில் இன்னும் வேகமாக உடையும். சிறுநீரில் புரோட்டியஸ் போன்ற கிருமி புகுந்தால் அது யூரியாவை உடைத்து அமோனியாவாக்கி, சிறுநீரைக் காரமாக்கிவிடும். நாயின் சிறுநீரில் நூல்களை ஊறவைத்துப் பார்த்த பழைய சோதனையொன்றில், புரோட்டியஸ் இருந்த சிறுநீரில் கரையும் நூல் எதுவுமே ஒரு வாரம் தாக்குப்பிடிக்கவில்லை. மற்றச் சிறுநீரில் எல்லாவற்றையும்விட நீடித்து நின்றது பாலிடையாக்சனோன். இப்போது இரைப்பை ஒட்டைச் சேர்த்துப் பாருங்கள். அது சிறுநீரை அமிலமாக்கிவிடுகிறது. அமிலத்தில் புரோட்டியஸுக்குப் பிழைப்பு கஷ்டம். எனவே குடல் ஒட்டைவிட இரைப்பை ஒட்டில் செயற்கை நூலுக்குப் பாதுகாப்பு அதிகம். கேட்கட்டுக்கு எமனாக இருக்கிற அதே சுரப்பு இதற்குக் காவல். அமிலம் என்றதும் நூல் கரைந்துவிடுமே என்று பயந்து கேட்கும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எரிச்சலைக் குறைக்க, அமிலச் சுரப்பை அடக்கும் ஒமிப்ரசோல் கொடுக்கும் விலங்குகளில் இந்தக் காவல் தளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அமிலம் எவ்வளவு என்று கேட்டால், கதீட்டர் வழியாக வடியும் சிறுநீரில் பிஹெச் தாளை நனைத்துப் பார்த்தால் போதும். பன்றி சும்மா படுத்திருக்கும்போது ஒரு நிறம். தீவனம் தின்றுவிட்டு வந்த பிறகு பார்த்தால் தாள் சிவப்புப் பக்கம் போயிருக்கும். நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்து சிறுநீர்ப்பையில் உட்கார்ந்திருந்தாலும், ரத்தத்தில் வரும் காஸ்ட்ரின் ஹார்மோனை அந்தத் துண்டு அடையாளம் கண்டுகொள்கிறது. சாப்பாடு வந்துவிட்டது என்று தன் வேலையைப் பார்க்கிறது. எங்கள் கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, எங்க கொண்டுபோய் வெச்சாலும் வயிறு வயிறுதான்" என்றார். அப்படிக் கசியும் சிறுநீர் பட்டுப் பின்தொடைத் தோல் சிவந்துவிடும். கழுவித் துடைத்து ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவுவதும் அவர் வேலைதான். என்னைவிட அவர் அதைப் பொறுமையாகச் செய்வார்.

கையாளுவதைப் பற்றி. இந்த நூலுக்கு ஞாபகசக்தி அதிகம். பாயிலுக்குள் எப்படிச் சுருண்டு கிடந்ததோ அப்படியே சுருளாகத்தான் வெளியே வரும். பழைய லேண்ட்லைன் போனின் சுருள் வயர் மாதிரி. துணை நிற்பவர் கவனிக்காவிட்டால் ஓரமாகக் கிடக்கும் ரிட்ராக்டரைச் சுற்றிக்கொள்ளும், துணியின் கீழே போகும், ஓமெண்டத்தை (வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புப் படலத்தை) வாரிக்கொண்டு வரும். எடுத்ததும் சலைனில் நனைத்து, இரண்டு கை விரல்களாலும் நூலை மட்டும் பிடித்து மெதுவாக நீட்டிவிட வேண்டும். ஊசியைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஊசியும் நூலும் சேரும் இடம் எல்லா நூலிலும் ஒரு பலவீனமான இடம். அப்புறம், நீடில் ஹோல்டரால் நூலைக் கவ்வவே கூடாது. ஒற்றை இழையில் ஒரு நசுங்கல் விழுந்தால் அங்கேதான் அறும். அது உடனே அறுவதுமில்லை, வயிற்றை மூடிய பிறகு அறும்.

முடிச்சு வழுக்கும். பாலிகிளாக்டினில் மூன்று நான்கு சுற்றோடு விட்டுவிடுபவர்கள் இதில் ஆறு சுற்றாவது போட வேண்டும், ஒவ்வொன்றும் சதுரமாக உட்கார வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கமாகவே போட்டுக்கொண்டு போனால் சரடு மாதிரி நழுவும். முடிச்சுக் கட்டி பெரிதாகத்தான் இருக்கும். வெட்டிய நுனிகள் விறைப்பாக, முள் மாதிரி நிற்கும். இவை பைக்குள் நீட்டக் கூடாது என்பதுதான் நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன விஷயம்.

சிறுநீர்ப்பையிலும் சரி, இரைப்பையிலும் சரி, தையலைத் தாங்குவது உட்படலத்துக்குக் கீழே இருக்கும் அடிப்படலம். தசை பார்க்கத் தடிமனாக இருக்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். ஊசி அடிப்படலத்தைப் பிடித்துவிட்டு, உட்படலத்தைத் தாண்டாமல் வெளியே வர வேண்டும். சிறுநீர்ப்பைப் பக்கம் இது கைப்பழக்கம் வந்தால் எளிது. இரைப்பைப் பக்கம் தொல்லை. வெட்டிய விளிம்பில் உட்படலம் சிவப்பாகப் பிதுங்கி, உதடு மடித்த மாதிரி வெளியே வரும். அதை ஃபோர்செப்ஸ் முனையால் உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டே தைக்க வேண்டும். அதோடு இரைப்பைச் சுவர் கெட்டி, விரிந்த சிறுநீர்ப்பைச் சுவரோ மெல்லிசு. ஒரு பக்கம் கம்பளி, மறுபக்கம் வாயில் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் உவமை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் ஒரு முறை கையால் தொட்டுப் பார்த்தால் எந்த உவமையும் வேண்டியிருக்காது. ஒற்றை இழை இங்கேதான் காசுக்கு வேலை செய்கிறது. தொடர் தையலாகப் போட்டுவிட்டு மெதுவாக இறுக்கினால், நூல் எல்லாப் பிடியிலும் சரிசமமாக நகர்ந்து, இரண்டு சுவரையும் ஒரே அழுத்தத்தில் சேர்க்கிறது. பின்னல் இழை பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் நிற்கும்.

தைத்து முடித்ததும் கதீட்டர் வழியாக மெத்திலீன் ப்ளூ கலந்த சலைனை ஏற்றி, தையல் கோட்டைச் சுற்றி வெள்ளைப் பஞ்சுத்துணி வைத்துப் பார்ப்போம். நீலம் கசிந்தால் அங்கே ஒரு பிடி கூடுதல். பாலிடையாக்சனோனில் கசிவு பெரும்பாலும் முடிச்சருகே வருகிறது, ஊசி துளைத்த இடத்தில் வருவது குறைவு. ஊசி ரவுண்ட் பாடியாக இருக்கும்வரை இது சரி. கட்டிங் ஊசியில் தைத்தால் துளை ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கீறல், ஒவ்வொன்றும் நீலமாக அழும்.

இறுதியாக, ஆய்வுக்காலம் முடிந்து பையைத் திறக்கும் நாள். நூலின் உண்மையான மதிப்பெண் அன்றுதான் தெரியும். ஒரு பக்கம் வெளிர் ரோஜா நிறத்தில் வழவழவென்ற சிறுநீர்ப்பை. மறுபக்கம் அடர்சிவப்பில், வெல்வெட் மாதிரி மடிப்புமடிப்பாக இரைப்பை. இரண்டுக்கும் நடுவே, உட்படலத்துக்கு அடியில், ஊதாக் கோடாக நூல் தெரியும். அதன் மேல் விரலை ஓட்டினால் வழுவழுப்பு மாறக் கூடாது. மணல் நெருடினால் கல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடிப்படலத்துக்குள்ளேயே நின்ற பாலிடையாக்சனோனில் எனக்கு நெருடல் கிடைத்ததில்லை. உட்படலத்தைத் தாண்டி ஒரு வளையம் உள்ளே தெரிந்தால், எந்த நூலாக இருந்தாலும், அந்த இடத்தில் வெள்ளைப்பொடி படிந்திருக்கும். ஆறு மாதக் குற்றச்சாட்டுக்கு என் பதில் இதுதான்: சுவருக்குள் புதைந்திருக்கும் நூல் ஆறு மாதம் இருந்தாலும் கல்லுக்கு அது தெரியாது.

இன்னும் சீக்கிரம் கரையும் ஒற்றை இழை வேண்டுமென்றால் பாலிகிளிகாப்ரோன் இருக்கிறது, மோனோகிரில் வகை. கையில் இதைவிட மென்மை, சுருளும் குறைவு. ஆனால் இரண்டு வாரத்திலேயே பலத்தில் பெரும்பங்கை விட்டுவிடுகிறது, மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக ஆறும் இளம் பன்றிக்குப் போதும். சிறுநீரகம் பழுதான, யூரியா ஏறிய விலங்கில் காயம் மெதுவாகத்தான் ஆறும். இந்த ஆய்வின் நோக்கமே அந்த மாதிரி விலங்குதான் என்னும்போது நான் அந்தத் துணிச்சலுக்குப் போக மாட்டேன்.

எதிலெல்லாம் இதை வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். துண்டு எடுத்த இடத்தில் இரைப்பையை மூட இது தேவையில்லை. பாலிகிளாக்டின் 3-0 இரண்டு அடுக்காகப் போட்டால் தாராளம். விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை, மிச்சமாகும் காசில் வலிநிவாரணி நல்லதாக வாங்கலாம். எலிக்கு 4-0 ரொம்பத் தடிமன், 6-0 அல்லது 7-0 வேண்டும், கண்ணுக்கு லூப்பும் (உருப்பெருக்கிக் கண்ணாடியும்) வேண்டும். எலியில் இந்த வேலை தொடங்குபவர்கள் நூலைவிட இடத்தைக் கவனியுங்கள். எலியின் இரைப்பையில் முன்பாதி வெறும் சேமிப்புப் பை, அமிலமே சுரக்காது. நடுவே ஒரு வரம்பு மாதிரி தெரியும், அதைத் தாண்டிச் சுரப்பிப் பகுதியில்தான் துண்டு எடுக்க வேண்டும். பன்றியிலும் இதே கண்ணி உண்டு. இடது பக்கம் பெரிய பரப்பு சளி மட்டும் சுரக்கும். இரைப்பையின் பெரிய வளைவில், அதன் நடு உடல் பகுதியில், அந்த வளைவை ஒட்டி ஓடும் வலது காஸ்ட்ரோஎபிபுளோயிக் தமனியின் மேல் நிற்கும் துண்டாக எடுத்தால்தான் அது அமிலம் சுரக்கும் இரைப்பை ஒட்டு. இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல நூலில் தைத்தாலும் கட்டுரையில் எழுத ஒன்றும் இருக்காது. பெண் பன்றியைத்தான் எடுப்போம் என்பதும் கேட்காமலே சொல்ல வேண்டியது. ஆண் பன்றிக்குக் கதீட்டர் போட முயன்றவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

வாங்குவதில் உள்ள தொல்லைகள். சென்னையில் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் எல்லாக் கம்பெனி நூலும் கிடைக்கும். ஆனால் நூல் மருந்து மாதிரிதான். 25 டிகிரிக்கு மேல் வைக்காதே, ஈரம் படாமல் வை என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நீரால் உடையும் பொருளுக்கு நம் ஊர்ப் புழுக்கம் நல்லதல்ல. ஒரு கடையில் பெட்டிகளைக் கண்ணாடி முகப்பில் மத்தியான வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். நூல் இருக்கும் அறையில் ஏசி உண்டா என்று கேட்டதற்கு, "இது கெட்டுப்போற பொருள் இல்ல மேடம்" என்றார் கடைக்காரர். கெட்டுப்போவதற்காகவே செய்த பொருள் என்று விளக்க எனக்கும் நேரமில்லை, அவருக்கும் இல்லை. வேறு கடையில் வாங்கினேன்.

விலை குறைவென்று வந்த ஒரு கம்பெனியின் பாலிடையாக்சனோனில் நூல் நன்றாகவே இருந்தது, ஊசிதான் ஊசியாக இல்லை. இரைப்பைச் சுவரில் நாலைந்து பிடி போனதும் முனை மழுங்கி, அப்புறம் நடுவில் வளைந்தது. வளைந்த ஊசியை நிமிர்த்தித் தைத்தால் உள்ளே முறியும், பன்றியின் வயிற்றில் ஊசித்துண்டைத் தேடுவது யாருக்கும் வேண்டாம். ஆகவே, ஒரு பெட்டி வாங்கும் முன் ஒரு பாயிலைக் கேட்டு வாங்குங்கள். இறைச்சிக் கூடத்திலிருந்து ஒரு இரைப்பையும் சிறுநீர்ப்பையும் கொண்டுவந்து, அதில் ஒரு முழு வட்டம் தைத்துப் பாருங்கள். முதல் பிடிக்கும் கடைசிப் பிடிக்கும் ஊசியின் கூர்மை மாறினால் வேண்டாம். பழகுவதற்கும் இதைவிட நல்ல வழியில்லை. உயிருள்ள விலங்கின் மேல் ஒருவர் முடிச்சு பழகுவதை எந்த நெறிமுறைக் குழுவும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது.

காலாவதியான நூலை மருத்துவமனைகள் "விலங்குக்குத்தானே" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். இறைச்சிக்கூடத்து உறுப்பில் பழக வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடு எழுந்து நடக்க வேண்டிய பன்றியில் அதைப் போடாதீர்கள். எந்த நாளில் பலம் விடும் என்று தெரியாத நூலால் வரும் முடிவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பாயிலைப் பிரித்து மீந்த நூலை ஸ்பிரிட்டில் போட்டு வைக்கும் பழக்கமும் சில கூடங்களில் இருக்கிறது. கரையும் நூலை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

இன்டென்டில், அதாவது கொள்முதல் கோரிக்கையில், எழுதும்போது வெறுமனே "பிடிஎஸ் 4-0" என்று எழுதாதீர்கள். பாலிடையாக்சனோன், 4-0, ஊதா நிறம், 17 அல்லது 20 மில்லிமீட்டர் அரைவட்ட ஊசி, ரவுண்ட் பாடி என்று முழுசாக எழுதி, "கட்டிங் ஏற்கப்படாது" என்று அடியில் ஒரு கோடு போடுங்கள். எங்களுக்கு ஒரு தடவை ரிவர்ஸ் கட்டிங் வந்து, கொள்முதல் பிரிவு "அதே நம்பர்தானே" என்று வாதாடியது. பெட்டி வந்த அன்றே மேலட்டையில் ஊசியின் படத்தைப் பாருங்கள்: உள்ளே புள்ளி வைத்த வட்டம் என்றால் ரவுண்ட் பாடி, முக்கோணம் என்றால் கட்டிங். ஒரு பாயிலைப் பிரித்துவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.